கையில் பி.பார்ம் சீட் வந்துவிட்டது: அந்தக் கல்லூரியில் சேரலாமா?

கவுன்சலிங்கில் ஒரு கல்லூரி கிடைத்திருக்கும். அல்லது நிர்வாக ஒதுக்கீட்டில் "நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டலைன்னா சீட் போயிரும் சார்" என்று போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும். எந்தப் படிப்பு, எந்த ஊர் என்ற பெரிய கேள்விகள் எல்லாம் முடிந்து, கடைசியில் நிற்பது ஒரே கேள்வி: இந்தக் கல்லூரி, ஆமாவா இல்லையா? அந்த ஒரு கேள்விக்கு மட்டுமே இந்த வழிகாட்டி. கணக்குகள் தமிழ்நாட்டை வைத்துப் போட்டவை. வீட்டில் ஒரு மாலை, கல்லூரி வளாகத்தில் ஒரு வேலை நாள், இவ்வளவு நேரம் ஒதுக்கினால் போதும். நான்கு வருடத்துக்கும் சில லட்சங்களுக்கும் முன்னால் இது பெரிய செலவில்லை.

முதலில் ஒரு வடிகட்டல்: இந்தப் படிப்புதான் வேண்டுமா?

கல்லூரியை எடைபோட உட்காருவதற்கு முன் ஐந்து நிமிடம் இதற்கு. பையனோ பெண்ணோ கடைசியில் சொந்த மெடிக்கல் ஷாப் வைப்பதுதான் திட்டம் என்றால் டி.பார்ம் என்ற டிப்ளமோ போதும். இரண்டு வருடப் படிப்பு, அதன்பின் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. சில்லறை மருந்துக்கடைக்கான படிவம் 20, 21 உரிமங்களுக்குப் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் வேண்டும், அவர் பி.பார்ம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் டி.பார்ம் முடிப்பவர்களுக்கு 2022-இல் வந்த ஒழுங்குமுறைப்படி எக்ஸிட் தேர்வு உண்டு. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். அதைத் தாண்டினால்தான் பதிவு. இதைச் சொல்லாமலே சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன.

மருந்துத் தொழிற்சாலை, தரக்கட்டுப்பாடு, டிரக் இன்ஸ்பெக்டர், முதுநிலையான எம்.பார்ம் என்று கனவு இருந்தால் பட்டப்படிப்பான பி.பார்ம். தொழிற்சாலையில் உற்பத்தியை மேற்பார்வையிட அங்கீகாரம் பெற பார்மசி பட்டமும் அதற்குப் பின் 18 மாத உற்பத்தி அனுபவமும் போதும் என்கின்றன மருந்து விதிகள். அமெரிக்காவில் பார்மசிஸ்ட் ஆக வேண்டும் என்பதுதான் குறி என்றால் நான்கு வருட பி.பார்ம் அதற்கு உதவாது. 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் அங்கே குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டம் கேட்கிறார்கள். ஆறு வருட பார்ம்.டி அதற்குப் பொருந்தும். "பி.பார்ம் முடிச்சா நேரா அமெரிக்கா" என்று சொல்லும் ஏஜெண்டிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

பி.சி.ஐ. பட்டியலை எப்படிப் படிப்பது

இந்தியாவில் பார்மசி படிப்புக்குக் கடைசி வார்த்தை இந்திய பார்மசி கவுன்சிலுடையது, எல்லோரும் பி.சி.ஐ. என்பார்கள். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பார்மசி கல்லூரி விஷயத்தில் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யா பி.சி.ஐ.யா என்ற பழைய சண்டையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் பி.சி.ஐ. பக்கம் தீர்த்துவிட்டது. ஆகவே பேனரில் ஏ.ஐ.சி.டி.இ. முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்பின் கிரேடும் அப்படித்தான்: நல்ல விஷயம், ஆனால் அதை வைத்து யாரையும் பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய மாட்டார்கள்.

பி.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் மாநிலவாரியாக, படிப்புவாரியாக இருக்கிறது. அதில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நான்கு விஷயம்.

பெயரும் ஊரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே அறக்கட்டளை ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று பார்மசி கல்லூரிகளைக் கிட்டத்தட்ட ஒரே பெயரில் நடத்துவது உண்டு. ஒன்றுக்குப் பத்து வருட அங்கீகாரம் இருக்கும், பக்கத்துக் கட்டடத்துக்கு இந்த வருடம்தான் வந்திருக்கும். உங்கள் அலாட்மெண்ட் எந்தக் கட்டடத்துக்கு?

அடுத்தது படிப்பு. டி.பார்முக்கு அங்கீகாரம் இருப்பதால் பி.பார்முக்கும் இருக்கும் என்று ஆகாது. ஒவ்வொன்றும் தனி வரிசை, தனிப் பட்டியல்.

மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் கல்வியாண்டும். பி.பார்முக்குப் பெரும்பாலும் 60 அல்லது 100 இடம் இருக்கும். 60-க்கு அனுமதி வாங்கி 75 பேரைச் சேர்த்தால், கூடுதல் 15 பேரின் நிலைமை பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும்போதே சிக்கலாகிவிடும். நிர்வாக ஒதுக்கீட்டில் கடைசி நாட்களில் 'தாராளமாக' இடம் கிடைத்தால் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

நான்காவதுதான் பலருக்குத் தெரியாதது. படிப்பை நடத்த அனுமதி வேறு, சட்டத்தின் 12-ஆம் பிரிவின்கீழ் வரும் அங்கீகாரம் வேறு. முதலாவது, வகுப்பு நடத்தலாம் என்பதற்கு. இரண்டாவது, அங்கே படித்துத் தேறியவரை பார்மசிஸ்டாகப் பதிவு செய்யலாம் என்பதற்கு. புதுக் கல்லூரிக்கு ஆரம்பத்தில் முதலாவதுதான் கிடைக்கும். முதல் பேட்ச் இறுதித் தேர்வை எட்டும்போதுதான் 12-ஆம் பிரிவு ஆய்வு நடக்கும். அது இழுத்தால் பட்டம் கையில் இருக்கும், தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு ஆகாது, பதிவு இல்லாமல் மருத்துவமனை வேலைக்கோ அரசு பார்மசிஸ்ட் தேர்வுக்கோ விண்ணப்பிக்க வழியில்லை.

இந்தப் புதுக் கல்லூரிப் பிரச்சினை இப்போது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. 2020-21 முதல் ஐந்து வருடத்துக்குப் புதிய டி.பார்ம், பி.பார்ம் கல்லூரிகள் வேண்டாம் என்று பி.சி.ஐ. தடை போட்டிருந்தது. அது செல்லாது என்று உயர் நீதிமன்றங்கள் சொன்னதை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அணை திறந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. 2023-இல் தொடங்கிய கல்லூரியின் முதல் பி.பார்ம் பேட்ச் 2027-இல்தான் வெளியே வரும். அதுவரை அந்தக் கல்லூரிக்குக் காட்டுவதற்குத் தேர்ச்சி விகிதமும் இல்லை, வேலைக்குப் போனவர்களும் இல்லை. புதுக் கல்லூரி என்றாலே தள்ளிவிட வேண்டும் என்பதல்ல. ஆனால் பழைய கல்லூரி கேட்கும் அதே கட்டணத்தை அங்கே கொடுக்கக் காரணம் எதுவுமில்லை.

இதோடு பல்கலைக்கழக இணைப்பையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான பார்மசி கல்லூரிகள் கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் பார்மசி கல்லூரிகளும் அதில்தான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தத் துறை. ஊட்டி ஜே.எஸ்.எஸ். போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புகள். தேர்வு, கட்டணம், சேர்க்கை எல்லாம் அவர்கள் வழி. அரசுக் கல்லூரி கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். அந்தக் கட்டணத்துக்கு அதை மறுக்கக் காரணம் தேடுவது வீண்.

ஆசிரியர் கணக்கு

'அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள்' என்று எல்லா பிராஸ்பெக்டஸிலும் இருக்கும். எத்தனை பேர் என்பதே முதல் கேள்வி. எத்தனை பேர் இருந்தால் போதும் என்பதைப் பாடத்திட்டத்தை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம்.

60 பேர் கொண்ட வகுப்பு. பிராக்டிகலுக்கு 20 பேர் வீதம் மூன்று பேட்ச். ஒற்றைப்படை செமஸ்டர்கள் நான்கும் ஒரே நேரத்தில் நடக்கும். முதல் செமஸ்டரில் அனாடமி, அனாலிசிஸ், பார்மசூட்டிக்ஸ், இனார்கானிக் என்று முழு பிராக்டிகல் நான்கு. மூன்றாவதில் ஆர்கானிக், பிசிக்கல் பார்மசூட்டிக்ஸ், மைக்ரோபயாலஜி, இன்ஜினியரிங் என்று நான்கு. ஐந்தாவதில் இண்டஸ்ட்ரியல் பார்மசி, பார்மகாலஜி, பார்மகாக்னசி என்று மூன்று. ஏழாவதில் இன்ஸ்ட்ருமெண்டல் அனாலிசிஸ் ஒன்று. மொத்தம் 12. ஒவ்வொன்றும் வாரத்துக்கு 4 மணி நேரம், மூன்று பேட்ச். 12 பெருக்கல் 4 பெருக்கல் 3, 144 மணி நேரம். தியரி நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து வாரத்துக்கு 55 மணி நேரம். கூட்டினால் 199. டுடோரியல், கம்யூனிகேஷன் லேப், ரெமிடியல் பிராக்டிகல், ஏழாவது செமஸ்டரின் பிராக்டிஸ் ஸ்கூல் எதையும் இதில் சேர்க்கவில்லை.

ஒரு ஆசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் எடுத்தால் இதற்கே 12, 13 பேர் தேவை. கல்லூரியில் பி.பார்முக்கு எட்டு பேர்தான் என்றால் என்ன நடக்கும்? மூன்று பேட்ச் ஒரு பேட்ச் ஆகும். 60 பேர் ஒரு லேபில் நிற்பார்கள், முன்வரிசை பத்துப் பேர் கருவியைத் தொடுவார்கள், மற்றவர்கள் ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். அதே கல்லூரியில் டி.பார்மும் எம்.பார்மும் பார்ம்.டியும் அதே ஆட்களை வைத்து ஓடினால் நிலைமை இன்னும் மோசம்.

இணையதளத்துப் பட்டியலில் 25 பேர் இருப்பார்கள். அதில் இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் வந்துபோகும் பெயர்கள் எத்தனை என்று கண்டுபிடிக்க எளிய வழி: வளாகத்துக்குப் போகும்போது நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் டைம் டேபிளைப் போட்டோ எடுங்கள். அதில் உள்ள பெயர்களையும் இணையதளத்துப் பெயர்களையும் ஒத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பவர்கள்தான் உண்மையில் பாடம் எடுப்பவர்கள். டைம் டேபிளில் பெயர் இல்லாமல் பாடம் மட்டும் இருந்தால் இரண்டாம் வருட மாணவரிடம் கேளுங்கள்: "போன செமஸ்டர் பார்மகாலஜி யார் எடுத்தாங்க? செமஸ்டர் முழுக்க அவங்களேதானா?" நடுவில் ஆள் மாறுவது ஒரு தடவை என்றால் பரவாயில்லை. எல்லாப் பாடத்துக்கும் மாறினால் அங்கே சம்பளம் ஒழுங்காக வருவதில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

லேபில் அரை நாள்

ஞாயிற்றுக்கிழமை 'கேம்பஸ் விசிட்' வேண்டாம். செமஸ்டர் நடக்கும் ஒரு வேலை நாளில், பிராக்டிகல் நேரத்தில் போங்கள். ஏ.சி. போட்ட கருவி அறைக்குத்தான் முதலில் கூட்டிப்போவார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வருட அனாலிசிஸ் லேப். கரைசலை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாய்களான பியூரெட்டுகளை எண்ணுங்கள். 20 பேர் பேட்சுக்கு 20 பியூரெட் ஸ்டாண்டில் மாட்டியிருந்தால் ஒவ்வொருவரும் டைட்ரேஷன் செய்கிறார்கள். ஐந்து இருந்தால் நாலு பேருக்கு ஒன்று. பியூரெட் விலை உயர்ந்த பொருளே அல்ல. அதிலேயே கை இறுகியிருக்கும் கல்லூரி மற்றதில் தாராளமாக இருக்கப்போவதில்லை. ரீஏஜெண்ட் பாட்டில்களின் லேபிளைப் படியுங்கள்: கரைசலின் பெயர், நார்மாலிட்டி அல்லது மோலாரிட்டி, தயாரித்த தேதி. தேதியே இல்லாத பாட்டில் அல்லது போன வருடத் தேதி போட்ட பாட்டில் வரிசையாக நின்றால் அந்த லேபில் யாரும் கரைசலை ஸ்டாண்டர்டைஸ் செய்வதில்லை, அதாவது அதன் செறிவைச் சரிபார்ப்பதில்லை. மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முதல் நாள் சொல்லித்தரும் பாடமே லேபிளும் தேதியும்தான்.

அடுத்து, யாராவது ஒரு மாணவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருடையதையும். ஒரே டைட்ரேஷனுக்கு ஒருவரின் மூன்று ரீடிங் ஒத்துப்போவது இயல்பு. அப்படித்தான் வர வேண்டும். ஆனால் ஐந்து பேரின் நோட்டிலும் 9.8, 9.8, 9.8 என்று ஒரே எண், அதே கணக்கு, அதே விடை என்றால் அது ஒரு நோட்டிலிருந்து வந்த ஐந்து நகல். அவரவர் கையால் செய்திருந்தால் ஒருவருக்கு 9.7 வரும், ஒருவருக்கு 10.1 வரும், ஒருவர் எண்ட் பாயிண்டைத் தவறவிட்டு அடித்து எழுதியிருப்பார். அடித்தல் திருத்தல் உள்ள ரெக்கார்டு நல்ல அறிகுறி.

இண்டஸ்ட்ரியல் பார்மசி லேபில் டேப்லெட் பஞ்சிங் மெஷினும், மாத்திரை எப்படிக் கரைகிறது என்று சோதிக்கும் டிசல்யூஷன் கருவியும் இருக்கும். மாத்திரையை அழுத்தும் உலோக அச்சுகளான 'பஞ்ச்', 'டை' இரண்டிலும் துரு இருக்கிறதா பாருங்கள்; பயன்படுத்துபவர்கள் துடைத்து எண்ணெய் பூசி வைப்பார்கள். டிசல்யூஷன் கருவியில் ஆறு ஜாடிகள். அதில் 900 மில்லி கரைசல் ஊற்றி 37 டிகிரி செல்சியஸில் வைத்து துடுப்பைச் சுற்றவிட்டு, குறித்த நேரத்துக்கொரு முறை 5 மில்லி எடுத்துச் சோதிப்பதுதான் சோதனை. தண்ணீர்த் தொட்டி காய்ந்து, ஜாடிமேல் கம்பெனி பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தால் அந்தக் கருவி யாருக்காக வாங்கப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது அந்த ஏ.சி. அறை. மருந்துக் கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கும். லாக் புக்கைக் கேளுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த சாம்பிளை, கருவியின் எந்தப் பிரிப்புக் குழாயில் (column) ஓட்டினார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மாதத்துக்குச் சில பதிவாவது இருந்தால் அது ஓடும் கருவி. பதிவு எல்லாம் வருடத்தில் ஒரே ஒரு வாரத்தில் குவிந்திருந்தால் அது இன்ஸ்பெக்ஷன் வாரம். லாக் புக்கே இல்லை என்றால் கேள்வியை நிறுத்திக்கொள்ளலாம். பி.பார்ம் மாணவர் ஏழாவது செமஸ்டரில் இதைத் தொட வேண்டும், "எம்.பார்ம் பசங்களுக்கு மட்டும்தான்" என்ற பதில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூலகத்துக்கு இரண்டு நிமிடம் போதும். மருந்துகளின் தர அளவுகளைச் சொல்லும் அதிகாரப்பூர்வ நூலான இந்தியன் பார்மகோபியாவின் எந்தப் பதிப்பு அலமாரியில் இருக்கிறது? 2022-இல் வந்தது ஒன்பதாம் பதிப்பு. அதுவோ அதற்குப் பின் வந்ததோ இருக்க வேண்டும். தூசி படிந்த 2007 பதிப்பு மட்டும் இருந்தால், கேட்டிலுள்ள பிள்ளையார் சிலைக்குச் செலவழித்ததைக்கூட நூலகத்துக்குச் செலவழிக்கவில்லை என்று அர்த்தம்.

லேப் காட்ட மறுத்தால்? "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்பதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களிடம் என்ன கேட்பது

வரவேற்பறையில் நிறுத்தியிருக்கும் மாணவரிடம் கேட்டு பயனில்லை. கல்லூரிக்கு வெளியே டீக்கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ மூன்றாம் வருட மாணவரைப் பிடியுங்கள். "காலேஜ் எப்படி?" என்றால் "நல்லா இருக்கும்ணா" என்றுதான் வரும். குறிப்பான கேள்வி கேட்டால் குறிப்பான பதில் வரும்: கடைசியாகச் செய்த பிராக்டிகல் எது, நீயே செய்தாயா, டெமோவா? உன் வகுப்பில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? அட்டெண்டன்ஸுக்கு அபராதம் வாங்குகிறார்களா? 150 மணி நேர இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங்குக்கு எந்தக் கம்பெனி போனீர்கள், கல்லூரி ஏற்பாடா, சொந்தமாகத் தேடினீர்களா, அல்லது சர்டிபிகேட் மட்டும் வந்ததா?

அபராதக் கேள்வி சும்மா இல்லை. பி.பார்ம் ஒழுங்குமுறை ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கும் பிராக்டிகலுக்கும் தனித்தனியாக 80 சதவீத வருகை கேட்கிறது. வருகையைப் பணம் வாங்கிச் சரிசெய்யும் இடத்தில் வகுப்பு நடக்கவேண்டிய கட்டாயமே இல்லாமல் போகிறது. இதன் முற்றிய வடிவம்தான் 'நான்-அட்டெண்டிங்' சீட். காலேஜுக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும் என்று புரோக்கர்கள் விற்பது. அப்படி வந்த பட்டத்தைப் பிறகு யாராவது கிளறினால் வருகைப் பதிவேடு பொய் என்பது உங்கள் பெயரில்தான் நிற்கும்.

பார்ம்.டி என்றால் கல்லூரியைவிட மருத்துவமனைதான் முக்கியம்

பார்ம்.டி ஐந்து வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். ஒரு பேட்சுக்கு 30 பேர். 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 300 படுக்கை கொண்ட மருத்துவமனையைக் கேட்கிறது. சொந்தமாக இல்லாவிட்டால் ஒப்பந்தம். இரண்டாம், மூன்றாம், நான்காம் வருடங்களில் வருடத்துக்கு 50 மணி நேரமாவது வார்டில் இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவம், மற்ற மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம்.

காகிதத்தில் எல்லோருக்கும் 300 படுக்கை இருக்கும். நேரில் அந்த மருத்துவமனைக்குப் போய் காலை பத்து மணிக்கு மெடிசின் வார்டில் எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லூரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர், பஸ் யார் தருவது? கேஸ் ஷீட்டை மாணவர்கள் எடுத்துப் பார்க்க விடுகிறார்களா, அல்லது கவுண்டரில் மருந்து எடுத்துக்கொடுக்க நிறுத்துகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் ஆறு வருடத்தின் மதிப்பு இருக்கிறது. வார்டு ரவுண்டில் டாக்டருடன் நடந்து, ஒரு நோயாளியின் பத்து மருந்தில் எது எதோடு மோதுகிறது என்று சொல்லிப் பழகாதவருக்கு பார்ம்.டி என்பது நீளமான பி.பார்ம். பெயருக்கு முன்னால் டாக்டர் வருமா என்பதை விளம்பரம் விரிவாகப் பேசும். அது வந்தாலும் மருந்து எழுதித்தரும் உரிமை வராது. இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் உண்டா, எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

'100% பிளேஸ்மெண்ட்' என்பதைப் பிரித்துப் பார்ப்பது

நூறு சதவீதம் என்றால் எதில் நூறு? சேர்ந்த 60 பேரிலா, நான்கு வருடத்தில் முடித்த 38 பேரிலா, பெயர் கொடுத்த 15 பேரிலா? ஆகவே ஒரு பேட்சை எடுத்து ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேளுங்கள். 2021-இல் எத்தனை பேர் சேர்ந்தார்கள், 2025-இல் அரியர் இல்லாமல் எத்தனை பேர் முடித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் எம்.பார்ம் போனார்கள்.

கல்லூரி தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.பில் பங்கேற்றிருந்தால் இந்த எண்களை அவர்களிடம் கெஞ்சவே வேண்டாம். பட்டியலில் இடம் வந்ததா இல்லையா என்பது இருக்கட்டும்; அவர்கள் சமர்ப்பித்த தரவுத்தாள் கல்லூரி இணையதளத்தில் இருக்கும். அதில் நான்கு வருட இளநிலைப் படிப்புக்கான அட்டவணையில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், சம்பளத்தின் நடுமதிப்பு எல்லாம் வருடவாரியாக இருக்கும். பிராஸ்பெக்டஸில் 'அதிகபட்ச பேக்கேஜ்' போடுவார்கள். அது ஒரு ஆளுடையது. நடுமதிப்பு என்றால் பாதிப்பேர் அதற்கும் கீழே வாங்குகிறார்கள் என்று அர்த்தம். உங்கள் கணக்குக்கு அதுதான் வேண்டும்.

எந்த வேலை என்பதும் முக்கியம். சென்னை, கோவையில் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் நிறுவனங்கள் ஆட்களை மொத்தமாக எடுக்கின்றன. அது கேவலமான வேலை அல்ல. ஆனால் சாதாரண பி.எஸ்ஸி. படித்தவரும் அதே வேலைக்குப் போகிறார். ஒரு கல்லூரியின் பிளேஸ்மெண்ட் முழுவதும் கோடிங்காகவே இருந்தால், பார்மசிக்கென்று கொடுத்த கூடுதல் கட்டணத்துக்கு என்ன கிடைத்தது? ஆலத்தூர், ஓசூர், புதுச்சேரி, பெங்களூரு, ஹைதராபாத் பக்க மருந்துத் தொழிற்சாலைகளின் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, அல்லது மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் பிரிவுகளுக்கு வருடத்துக்குப் பத்துப் பேராவது போகும் கல்லூரி வேறு ரகம்.

எம்.பார்ம் திட்டம் இருந்தால் அதற்கான நுழைவுத் தேர்வான ஜிபேட்டின் தேர்ச்சி எண்ணிக்கையைக் கேளுங்கள். 2024 முதல் இதை மருத்துவ அறிவியல் தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. 125 கேள்வி, தவறுக்கு ஒரு மதிப்பெண் குறையும். ஆண்டுதோறும் நாலைந்து பேராவது தேறும் கல்லூரியில் அடிப்படைப் பாடம் நடக்கிறது என்று நம்பலாம்.

பணம்: நான்கு வருடத்துக்கும் சேர்த்து

முதல் வருடக் கட்டணத்தை மட்டும் சொல்லும் கல்லூரியிடம் நான்கு வருடத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். டியூஷன் தவிர பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், லேப் பிரேக்கேஜ், ரெக்கார்டு நோட்டு, பஸ், ஹாஸ்டல், இண்டஸ்ட்ரியல் விசிட், எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட் எல்லாம் தனித்தனியாக வரும். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு வைத்த தொகைக்குமேல் கேட்டால் அதற்கு ரசீது கேளுங்கள். ரசீது தர முடியாத பணம் என்றால் அது நன்கொடை. அதைத் தடுக்க 1992-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கடன் வாங்குவதாக இருந்தால் இப்படிப் போடுங்கள். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு வருடத் தொடக்கத்திலும் வங்கி தருகிறது, வட்டி 10.5 சதவீதம் என்று வைப்போம். படிப்பு நான்கு வருடம், அதன்பின் ஒரு வருட அவகாசம். அந்த ஐந்து வருடத்தில் தனிவட்டி மட்டுமே 2,20,500 ரூபாய். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 6 லட்சம் அல்ல, 8,20,500. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 11,070 ரூபாய். முன்னே பார்த்த நடுமதிப்புச் சம்பளத்தை 12-ஆல் வகுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கட்டணம் அந்தக் கல்லூரிக்கு அதிகம். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்ட முடிந்தால் அந்த இரண்டே கால் லட்சம் அசலோடு சேராது. தவணையும் 8,100-க்கு இறங்கும்.

உதவித்தொகைகளை மறக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலினக் குடும்பங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இவற்றில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைச் சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டாம். ஒரு குறையை இன்னொரு நிறை ஈடுகட்டாத இடங்கள் இதில் உண்டு. பி.சி.ஐ. பட்டியலில் அந்தப் படிப்பு இல்லை என்றால் லேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சேர்த்தாலும் வேண்டாம். பார்ம்.டிக்கு வார்டு காலியாக இருந்தால் வேண்டாம். இந்த மூன்றிலும் சமரசம் கிடையாது.

மீதியில் விட்டுக்கொடுக்கலாம். ஹெச்.பி.எல்.சி. பழையது, கட்டடம் சுமார், ஆனால் டைம் டேபிளில் 13 பெயர், ரெக்கார்டில் அடித்தல் திருத்தல், பாதிப்பேருக்கு மேல் காலத்தில் முடிக்கிறார்கள், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்றால் சேருங்கள். பளபளப்பான வளாகமும் எட்டு ஆசிரியர்களும் இரட்டிப்புக் கட்டணமும் என்றால் கவுன்சலிங்கின் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதே மேல். அதற்கு முன், இருக்கும் இடத்தை விட்டுவிடாமல் அடுத்த சுற்றில் கலந்துகொள்ள அந்த வருட விதியில் இடமுண்டா என்று கவுன்சலிங்கை நடத்தும் தேர்வுக் குழுவின் தகவல் கையேட்டில் பார்த்துவிடுங்கள். "சேர்ந்துட்டு இரண்டாவது வருஷம் மாத்திக்கலாம்" என்ற யோசனையை நம்ப வேண்டாம். இரு கல்லூரிகள், பல்கலைக்கழகம், காலி இடம் என்று எல்லாம் ஒன்றுகூட வேண்டும். அப்படிக் கூடுவது அபூர்வம்.

சேர்வது என்று முடிவானால் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை: அலாட்மெண்ட் ஆணை, மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல். அசல்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித்தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-இல் சொல்லியிருக்கிறது. எதையாவது வாங்கி வைத்துக்கொண்டால் எந்தச் சான்று, என்ன எண், என்ன தேதி என்று எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கல்லூரி முத்திரையோடு கவுண்டரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.